எலி எடை, பொண்ணு எடை

இல்ல டாக்டர், எம் பொண்ணு மாத்திரை கீத்திரை எதுவும் போடமாட்டா. ஆஞ்சலா அந்த மாதிரி புள்ளையே இல்ல. காலைல கிரவுண்டுல ஸ்டேட் டீம் செலக்‌ஷன் ஓட்டம். பாதி தூரத்துலயே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா. ஒரே வாந்தி. கை காலெல்லாம் நடுங்குது. அந்த மெஷின்ல ஓடற நம்பரப் பாக்கவே பயமா இருக்கு, பொழச்சிக்குவா இல்ல?

வெளிய கத்துறது எங்க வீட்டுக்காரர்தான், ஓஸ்வால்ட். கோச் டென்சில் மேல அவருக்குச் சந்தேகம். நீதான்டா எதையோ கொடுத்துட்டேன்னு சட்டையப் புடிச்சிட்டாரு. பாவம், மாதா மேல சத்தியமா இல்ல சார்னு அந்த ஆளு அழுறாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

நானா? ஆராய்ச்சி லேப்ல வேல டாக்டர். எலிங்களப் பாத்துக்கணும். கஃபீன் பவுடர் கொடுத்து குட்டி டிரெட்மில்லுல ஓட விடுவாங்க, எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பாக்க. ஐயோ, அதுங்க ஓடறதப் பாக்கணுமே! பவுடர் குடுக்காத மத்ததெல்லாம் சோர்ந்து படுத்துக்கும், இதுங்க ஓடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு எலியா எடை போட்டு, எடைக்குத் தகுந்தாப்ல பவுடர். அதுல நான் ரொம்ப கரெக்டு. லேப் மேடமே என்னை நம்பித்தான் விடுவாங்க.

போன வருஷம் ஆஞ்சலா நூலிழையில செலக்‌ஷன விட்டுட்டா. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தா, எங்க ஏரியா லிங்கராஜபுரமே அய்யோ பாவம்னுச்சு. அவ தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா. எனக்குத் தாங்கல டாக்டர்.

ஸ்வல்ப இருங்க, கொஞ்சம் நில்லுங்க, போகாதீங்க. அந்தக் கதவச் சாத்துங்க, அவருக்குக் கேக்க வேணாம். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல, அவ்ளோ வெக்கமா இருக்கு.

அந்த கஃபீன், காப்பில இருக்கறதுதானே, என்ன ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன். லேப்ல இருந்து கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன். எலிக்குப் போடற அதே கணக்குதான், இவ எடைய வெச்சுப் பெருக்கிட்டேன். என்னது? மனுஷங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராதா? அவ்ளோ ஜாஸ்தியா? யேசுவே... எனக்குத் தெரியாதே டாக்டர்.

காலைல ஓடப் போறதுக்கு முன்னாடி, ராகி மால்ட்லதான் கலந்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, கசக்குதும்மான்னா. இன்னும் ரெண்டு ஸ்பூன் சக்கர போட்டு, முழுசாக் குடிக்க வெச்சேன்.