மாப்பிள்ளை பொம்மைக்கு ஒரு பெட்டி

வசுமதி: …அதெல்லாம் வேண்டாம் செல்வராஜ். இருக்கறதுலயே கெட்டியான அட்டையா எடு. ஏழு அடுக்கு, அதான் ஏழு ப்ளை இருக்கோ?

செல்வராஜ்: அரே பாபா! அது மோட்டார் வைக்கிற பெட்டி மாமி. உங்க பொம்மை முக்காக் கிலோகூட வராது.

வசுமதி: மண் பொம்மைடா. போன தடவை மதுரைக்குப் போறதுக்குள்ள மூக்கு உடைஞ்சு…

செல்வராஜ்: கனமான பெட்டின்னா பத்திரம்னு யார் சொன்னா? உள்ள ஆடக்கூடாது, அதான் விஷயம். சுத்தி ரெண்டு விரல் இடம் விட்டு, பேப்பரைக் கசக்கித் திணிச்சா அஞ்சு ப்ளையே போதும். விலையும் பாதி, கூரியர்காரனுக்கும் கொட்டி அழ வேண்டாம்.

வசுமதி: தாங்குமா?

செல்வராஜ்: இடுப்பு உயரத்துலேருந்து போட்டுக் காட்டவா? நாலு தடவை போய்ட்டு வந்தாலும் தாங்கும்.

வசுமதி: எதுக்கு வரணும்? போனா போதாதா?

செல்வராஜ்: …சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

வசுமதி: டேப்பாவது வேற போடு. உன் கடைப் பேரும் போன் நம்பரும்… பார்சலா, உன் விளம்பரமான்னே தெரியல.

செல்வராஜ்: இந்த டாக்குரியா ஏரியா முழுக்க என் டேப்தான் மாமி. ஆமா, தங்கச்சிக்குத்தானே?

வசுமதி: வித்யாலக்ஷ்மிக்குத்தான். அம்மா போனப்புறம் கொலு பொம்மையைப் பாகம் பிரிச்சோம். கல்யாண செட்ல பொண்ணு அவகிட்ட, மாப்பிள்ளை எங்கிட்ட. இங்க தெருவெல்லாம் பூஜா பந்தல் கட்ட ஆரம்பிச்சாச்சு… நவராத்திரிக்குள்ள ரெண்டும் ஒரே படியில நிக்கட்டுமேன்னு…

செல்வராஜ்: எத்தனை வருஷமா தனியா நிக்குது?

வசுமதி: பதினோரு வருஷம். நாங்க பேசியும் அத்தனை வருஷம் ஆறது.

செல்வராஜ்: சரி, உடைஞ்ச மூக்கைக் காட்டுங்க.

வசுமதி: ஒட்டிட்டேன்.

செல்வராஜ்: எங்க? தடமே தெரியலையே…

வசுமதி: பெட்டிக்காரனுக்கு எதுக்குடா இத்தனை கேள்வி!

செல்வராஜ்: மாமி… நீங்க கொண்டுவந்த பழைய பெட்டி இதோ இருக்கு. அடியில அறுத்துப் பொம்மையை எடுத்திருக்கீங்க. மேல நான் ஒட்டின டேப்பை யாரும் தொடவே இல்ல.

வசுமதி: உடைஞ்சு வந்திருந்தாக்கூடத் தேவலைடா. பிரிச்சாவது பாத்திருப்பா. ஆடியிலேருந்து மூணு தடவை… வாசலோட வேண்டாம்னு திருப்பிட்டா. பெட்டி நன்னாப் பெரிசா இருந்தா, என்னதான் இருக்குன்னு வாங்கிப் பாப்பாளோன்னு…

செல்வராஜ்: அழாதீங்க மாமி. நானும் ஒண்ணு மறைச்சிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவங்க எனக்கு போன் பண்ணாங்க.

வசுமதி: வித்யாவா? உன் நம்பர் அவளுக்கு எப்படி…

செல்வராஜ்: டேப்ல இருக்கே. ‘அக்காவே நடந்து வந்தாளா, முட்டி வலி தேவலையா, இளைச்சிருக்காளா’ன்னு ஒரே கேள்வி. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற.

வசுமதி: அவ்வளவு அக்கறை இருக்கறவ வாங்கிக்க வேண்டியதுதானே!

செல்வராஜ்: நானும் அதைத்தான் கேட்டேன். ‘வாங்கிண்டுட்டா அப்புறம் எதை அனுப்புவா அவ?’ன்னாங்க.