கீழே விழுந்த டப்பா

உட்கார்ந்து பேசச் சொல்கிறீர்கள், எனக்கு அது வராது ஐயா. மத்தியானச் சோற்றைக்கூட நடந்துகொண்டேதான் தின்பேன். இப்படியே குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கோதண்டபாணி. ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன்.

விருத்தாசலம் என்றால் பீங்கான் பொம்மை, கப்பு சாசர் என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் கம்பெனி வேலை வேறு. கடுங்குளிரில் மட்டும் வேலை செய்கிற சூப்பர்கண்டக்டர், அதாவது மீகடத்திச் சிப்புகளுக்குப் பீங்கான் கூடு செய்கிறோம், அதற்குமேல் மூட ஓர் உலோக டப்பாவும். பூமியின் காந்தம்கூட அந்தச் சிப்பைத் தொடக் கூடாது. தடுப்பது டப்பா. ஆனால் ஒரு தடவை கீழே போட்டால் போச்சு. நசுங்காவிட்டாலும் காந்தம் உள்ளே கசியும். இருபத்திரண்டு வருஷத்தில் என் கையிலிருந்து எதுவும் விழுந்ததில்லை. புது ஆட்களிடம் முதலாளி என் கையைத்தான் காட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. துடைத்து வரிசையில் வைத்துவிட்டேன்.

சோதனை பார்ப்பது அன்புக்கரசி. திட்டக்குடிப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம். மறுநாளே டப்பாவும் கையுமாக வந்து நின்றாள்.

"அண்ணே, இது கீழ வுழுந்துச்சா?"

"இல்லியே."

"வுழுந்திருக்குதுண்ணே. பரவால்ல, இன்னொரு வாட்டி சூளையில வெச்சு எடுத்தா சரியாயிடும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னை மன்னிக்கிறாளாம். அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் சிரித்தாலும் அவள் சொல்லிவிட்டாளோ என்றே இருந்தது.

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிர வைக்கத் திரவ நைட்ரஜன் விடுவோம். அது ஆவியாகி அறையில் நிறைந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது, வாசனை இல்லாததால் தெரியவும் தெரியாது. அதற்கென்று ஓர் எச்சரிக்கை மணி உண்டு. மணிக்குள் காந்தம் இருப்பதால் அளவெடுக்கும்போது அதைக் கழற்றி வெளியே வைப்போம். அந்த நேரம் ஒருவர் கதவோரம் காவல் நிற்க வேண்டும்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், "அந்த டப்பாவ இன்னொரு தடவ அளந்து பாரும்மா, நான் நிக்கிறேன்" என்றேன்.

"சரிண்ணே" என்று உள்ளே போனாள்.

மணியைக் கழற்றியது நான். காற்றை வெளியேற்றும் ஃபேனை நிறுத்தியதும், வெளியே இருக்கும் நைட்ரஜன் டாங்கின் வால்வை முழுக்கத் திறந்ததும், கதவைத் தாழிட்டதும் நான்தான். இரண்டு தடவை தட்டினாள். அளவெடுக்கும்போது கதவைத் திறப்பதில்லை, அது நான் போட்ட விதி. வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு வால்வை மூடி, ஃபேனைப் போட்டு, காற்று மாறியதும் உள்ளே போய் மீட்டரைத்தான் முதலில் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரிதான். கசிகிறது.

கவனக்குறைவால் நடந்த விபத்து என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறாராமே. அதை அடித்துவிடுங்கள் ஐயா. நான் ஒரு நாளும் கவனக்குறைவாக வேலை பார்த்தது கிடையாது.