மஞ்சள் முக்கோணம்

உங்கள் மேஜையில் இவ்வளவு காகிதம் கிடக்கிறதே ஐயா, இதில் எதை முதலில் படிப்பீர்கள்? மேலே இருப்பதைத்தான். எல்லோரும் அப்படித்தான். அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

என் பெயர் வசந்தகுமாரி. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பட்டறைகளில் கியர்களைச் சுட்டுக் கெட்டியாக்கும் உலைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைக் கம்ப்யூட்டர் வழியாக இயக்குவதற்கு எங்கள் கம்பெனி சாப்ட்வேர் செய்கிறது. வேலை நடுவே சந்தேகம் வந்தால் ஆபரேட்டர் ஒரு பொத்தானை அழுத்துவார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திரையில் தமிழில் வரும். 'ஹெல்ப்' என்போம். அதை எழுதுவது நான்.

உலைகளைக் கொண்டுபோய் நிறுவுகிற இன்ஜினியர் குணசேகரன். எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக்தான். அவருடைய அம்மா லோகநாயகி அத்தை ஒருநாள் என் கன்னத்தைத் தடவி, "நீ எங்க ஊட்டுக்கு வந்துட்டா எனக்கு ஒரு கவலையும் இல்லடி" என்றார். குணா அங்கேயே நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அத்தை இறந்துபோன பிறகு குணாவுக்கு மத்தியானச் சாப்பாடு நான்தான் கட்டிக்கொண்டு போகிறேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் என் பெயர் வெட்டியிருக்கும்.

பிறகு ராபியா எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருக்கும் பஷீருதீன் பாயின் மகள். நல்ல பெண், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே சுற்றுவாள். என் பக்கங்கள் ரொம்ப நீளம் என்று அவளுக்குத் தோன்றியது. வரிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் வைத்தாள். செய்ய வேண்டியது மட்டும் வெளியே தெரியும். படத்தின் மேல் மவுஸை வைத்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறந்து உள்ளே இருக்கிற விளக்கத்தைக் காட்டும். மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும். பல்பு படத்துக்குள் யோசனை, மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆபத்துக்கான காரணம்.

ஆனால் எச்சரிக்கையை மட்டும் அவள் மறைக்கவில்லை. முக்கோணத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கும். "ஏன்னு தெரிஞ்சுக்க ஆசப்படுறவங்க அழுத்திப் பாக்கட்டும்க்கா. செய்யாதேன்னு சொல்றது மட்டும் எப்பவும் கண்ணுல படணும்" என்றாள். சரியான பேச்சுதான். நான் ஒருபோதும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

குணா அந்தத் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா வசந்தி, இது தெரியாம இத்தினி வருசம் எங்கள பக்கம் பக்கமா படிக்க வச்சிட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு டிபன் பாக்ஸ் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. ராபியா வீட்டிலிருந்து ரொட்டியும் தால்ச்சாவும் வந்திருந்ததாம். "உன் கை சமையல் எங்க போகப்போகுது, நாளைக்குத் தின்னா போச்சு" என்றார். நான் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததே, பிறகு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நஜீர் என்று நசரத்பேட்டைப் பையன். அழைப்பிதழை அவளே குணாவின் கையில் கொடுத்தாள். எனக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் குணா அதை வாங்கிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "நல்லாரு" என்று மட்டும் சொன்னார். என்னிடம் இத்தனை வருடத்தில் அவர் அப்படிப் பேசாமல் இருந்ததே இல்லை. என்னிடம் எப்போதும் கலகலப்பாகத்தான் பேசுவார். வித்தியாசம் எனக்குப் புரியும் ஐயா.

அவள் அழைப்பிதழ் கொடுக்க லீவு போட்டிருந்தபோது அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கத்தை மாற்றினேன். கரண்ட் போய் வந்த பிறகு உலையை எப்படி இயக்குவது என்ற பக்கம். உலைக்குள் எரிகிற வாயு இருக்கும். சூடு இருக்கும்வரை பயமில்லை. கரண்ட் போய் உலை ஆறிவிட்டால், நைட்ரஜன் விட்டு அந்த வாயுவை வெளியேற்றாமல் கதவைத் திறக்கக் கூடாது. காற்று உள்ளே போனால் வெடிக்கும். இந்த எச்சரிக்கையையும், நைட்ரஜன் விடு என்ற வரியையும் எடுத்து முக்கோணத்துக்குள் வைத்தேன். ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. எல்லாம் அதே பக்கத்தில்தான் இருந்தது.

என் நினைப்பு இவ்வளவுதான்: எங்காவது ஒரு தவறு நடக்கும், குணா அவள் வேலையைப் பார்த்து முகம் சுளிப்பார்.

மேனாம்பேட்டுப் பட்டறையில் மவுஸ் கிடையாது என்பது எனக்குத் தெரியுமா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். தெரியும். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அது ஓடாமல் போக, குணாவே கழற்றிவிட்டார். "எலிய எண்ணெச் சட்டியில போட்டு எடுத்த மாரி ஆயிட்ச்சும்மா" என்று தசரதன் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கீபோர்டில் இன்னொரு பொத்தானைத் தட்டியும் முக்கோணத்தைத் திறக்கலாம். அது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேட்டிருக்கலாம்.

தசரதன்தான் அங்கே உலை ஆபரேட்டர். பழைய ஆட்கள் அனுபவத்தை வைத்து ஏதேதோ செய்வார்கள். இவர் அப்படியில்லை. திரையில் வருகிற வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதைச் செய்து முடித்துத்தான் அடுத்த வரிக்குப் போவார். "நம்ம மண்டைய நம்பக் கூடாதும்மா. நீங்க எழுதிக்கிறத நம்புனா ஊடு போய்ச் சேரலாம்" என்பார். என் எழுத்தை அவ்வளவு மதித்தவர் வேறு யாருமில்லை.

அன்றைக்கும் கரண்ட் போயிற்று. வந்ததும் அவர் பொத்தானை அழுத்தி வரிவரியாகச் செய்து கதவைத் திறந்தார். உலை வெடித்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டுத்தான் செத்துப்போனார். அவருடைய மனைவி கன்னியம்மாளுக்கு நான்தான் காபி ஆற்றிக் கொடுத்துக் குடிக்க வைத்தேன். என் மடியில் தலைவைத்து அழுதாள். குணாவும் அங்கே இருந்தார். பார்த்திருப்பார்.

இன்னொன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை.

புதுப் பக்கங்களை அந்தப் பட்டறைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நான்தான் போனேன். தசரதன் பக்கத்தில் நின்று பார்த்தார். திரையைக் காட்டி, "இந்த மஞ்ச முக்கோணம் இன்னாத்துக்கும்மா கீது?" என்று கேட்டார். எண்ணெய் பட்டுவிடும் என்று விரலைத் திரையில் படாமல் தள்ளியே பிடித்திருந்தார்.

"அது ராபியா போட்ட படம். சும்மா அழகுக்கு" என்றேன்.

"சோக்காத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் இப்போது எதற்காகச் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், படிக்க நன்றாக இருக்கும். அவளுடைய கம்ப்யூட்டர், அவள் வைத்த படங்கள் என்பதால் ராபியாவைத் தினமும் வரவழைத்து அந்த பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். நஜீர் வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் இருந்தேன். ஆனால் குணா முகம் சுளிக்கவில்லை. மத்தியானம் ஆனால் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடுகிறார். நேற்று நானே பார்த்தேன். நான் கட்டிக்கொடுத்த சோற்றைத்தான் அவளுக்குப் பிரித்து வைத்தார். அவள் வேண்டாம் என்றாள். "ரெண்டு வாயாச்சும் சாப்புடு" என்று கெஞ்சினார். மூடியில் வெட்டிய என் பெயரின் மேல் அவளுக்கு ஊறுகாய் வைத்தார்.

இனி அந்த பெஞ்சில் அவள் உட்கார வேண்டியதில்லை. நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சாப்பாட்டு வேளை ஆகப் போகிறது. இனி நான் உட்காரப்போகிற அந்த பெஞ்சை மட்டும் கொஞ்சம் வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லுங்கள் ஐயா. அவர் டிபன் பாக்ஸோடு வரும்போது என்னைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.