கேதம் கேட்க வராதவர்கள்

படகு சாய்கிறது. மரம் பிளக்கிற சத்தம். அண்ணன் முன்பக்கம் நிற்கிறான். கையில் நெய்மீன். அதை இன்னும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

"கமிழ்ந்து கிடக்கெடா! கிடக்கெடா!"

கத்துவது ஜோசப் சேட்டன். குப்புறப் படு என்கிறார். நான் படுத்துவிட்டேன். அண்ணன் படுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அதற்குள் அடுத்த வெடி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. வளைகுடாக் கடல். ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாக அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சுற்றின. எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஒரு அரபியின் படகில் மீன் பிடித்தோம். மூன்றே பேர். படகை ஓட்டியவர் வைப்பின் தீவைச் சேர்ந்த ஜோசப் சேட்டன். வலை இழுக்க அண்ணன் முத்தையாவும் நானும். திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தவர்கள் நாங்கள். அங்கிருந்து வளைகுடாக் கடலுக்குப் போனோம்.

பெரிய கப்பல் எதிரே வந்தால் மீனைத் தூக்கிக் காட்ட வேண்டும். அங்கே எங்களுக்குள் அதுதான் வழக்கம். நாங்கள் மீன்காரர்கள், பயப்படாதே என்று அர்த்தம். சில கப்பல்காரர்கள் கையசைப்பார்கள். அன்று இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் எதிரே வந்தது. அண்ணன் இருப்பதிலேயே பெரிய மீனாகப் பார்த்து எடுத்தான். நன்றாகத் தெரியட்டும் என்று.

சத்தங்களை வரிசையாகச் சொல்கிறேன். இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் வெடி. விட்டு விட்டு வந்தது. பிறகு மரம். பிறகு அண்ணன் தண்ணீரில் விழுந்த சத்தம். அதற்கும் பிறகுதான் ஒலிபெருக்கி. இங்கிலீஷில் ஏதோ சொன்னது. காற்றில் பாதி போய்விட்டது. யாரிடம் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கப்பல் நிற்கவில்லை. விளக்கை எங்கள் மேல் ஒருமுறை சுற்றிக் காட்டினார்கள். பிறகு போய்விட்டார்கள். ஜோசப் சேட்டனும் நானும் ஒரே பலகையைப் பிடித்துக் கிடந்தோம். அவர் கொஞ்ச நேரம் மகளைப் பற்றிப் பேசினார். பிறகு பேசவில்லை. விடிந்தபின் வேறொரு மீன்படகு என்னையும் அவர் உடலையும் தூக்கியது. அண்ணனை நான் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தத் தனிமை இன்றைக்கும் என்னை விடவில்லை.

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் எங்கள் வீடு ஒற்றை அறை. அண்ணன் மனைவி, என் மதினி, அங்கே இருந்தாள். செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது. தெரு முழுக்க வந்து அழுதுவிட்டுப் போனது. நான் மறுபடியும் அரிசிப் பண்டகசாலைக்கு மூட்டை தூக்கப் போனேன்.

சாயாக்கடைச் சேட்டன் மலையாளப் பேப்பரை உரக்க வாசிப்பார். அமெரிக்கப் பாராளுமன்றத்தில் ஒருவர் எங்கள் படகைப் பற்றிக் கேள்வி கேட்டாராம். போருக்கும் சட்டம் இருக்கிறது, கடலில் விழுந்தவனைத் தூக்க வேண்டும், மீறியவன் பதில் சொல்ல வேண்டும் என்றாராம். இன்னொருவர், நம் பையன்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களைக் கூண்டில் ஏற்றுவதா என்று எகிறினாராம். விசாரணை நடந்தது. கப்பலில் இருந்தவர்களைக் கேட்டார்கள். எச்சரிக்கை கொடுத்தோம், அதன் பிறகுதான் சுட்டோம், படகில் ஆயுதம் போல ஒன்று தெரிந்தது என்று சொன்னார்கள். யார் மேலும் தப்பில்லை என்று முடித்துக் கை கழுவினார்கள். பச்சைப் பொய். மறுத்துச் சொல்ல உயிரோடு இருந்தவன் நான் ஒருவன். அப்போது நான் கொச்சியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். படகு ஏறி எறணாகுளத்தில் ஓர் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அது இரண்டு சர்க்காருக்கு இடையிலான விஷயம், முடிந்துவிட்டது என்றார்கள்.

விசாரணை முடிந்த செய்தியைச் சாயாக்கடையில் வாசித்த அன்று மதினி அங்கே பால் வாங்க வந்திருந்தாள். சேட்டன் கடைசி வரியை வாசித்தார்.

"அமெரிக்க கேதம் அறியிச்சு."

மலையாளத்தில் கேதம் என்றால் வருத்தம். அமெரிக்கா அதைத் தெரிவித்துவிட்டதாம். அவ்வளவுதான். பேப்பரில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது. எங்கள் ஊரில் கேதம் என்றால் சாவு வீடு. கேதம் கேட்க நேரில் வர வேண்டும். பகையாளிகூட வருவான். தரையில் உட்கார வேண்டும். முதலில் "எப்படி நடந்தது?" என்று கேட்க வேண்டும். வீட்டார் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது.

மதினி என் பக்கம் திரும்பினாள். "கேதம் கேக்க வாராவளா தம்பி? எப்பம் வாராவ? பாய் ஒண்ணுதான் கெடக்கு வீட்ல."

நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்து வீட்டில் இன்னொரு பாய் இரவல் வாங்கினாள். அறையைக் கழுவிவிட்டாள். நீதான் சொல்லணும், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது. ஆனாலும் வேலையில் அந்தச் சத்தங்களின் வரிசையை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நானும் எதிர்பார்த்தேன்.

அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு பாயும் விரித்தே கிடந்தன. மழை விட்டதும் மதினி ஒன்றைச் சுருட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். பிறகு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போனது இவ்வளவு. படகு ஒன்று. வலை முழுவதும். ஜோசப் சேட்டன், வைப்பினில் அடக்கம் செய்தார்கள். என் அண்ணன் முத்தையா, உடல் கிடைக்கவில்லை. மதினி. மீதி நான் ஒருவன். எப்படி நடந்தது என்று சுட்டவர்களில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.