விசிலுக்கு நின்றவள்

ஓசூர் குற்றவியல் நடுவர் முன்பு, 2006ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ரஞ்சிதா. வயது முப்பத்தொன்று. கணவர் பெயர் ஜெகதீஷ். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் சுப்ரியாவுக்கு எட்டு வயது, இளையவள் சுவாதிக்கு ஐந்து வயது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை. நான் இங்கு வந்திருப்பது என் கணவருக்குத் தெரியும். அவர் வரவில்லை.

என் கணவர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேஃப்டி பிரிவில் வேலை பார்க்கிறார். இந்த வருடம் ஜூன் மாதம் அவரைப் பயிற்சிக்காக ஜெர்மனி அனுப்புவதாகக் கம்பெனியில் முடிவானது. குடும்பத்தையும் அழைத்துப்போய், பயிற்சி முடிந்ததும் சுவிட்சர்லாந்தும் பாரீசும் காட்டிவிட்டு வரலாம் என்று அவர் சொன்னார். எனக்கு அதில் விருப்பம் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கால் தரையில் பாவாது. சின்னவள் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறவள். ஏற்காடு போன பஸ்ஸிலேயே இதுகளைப் பிடிக்க எனக்குக் கை பத்தவில்லை, ஐரோப்பாவில் யார் பிடிப்பது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பழக்கினால் எல்லாம் சரியாகும் என்றார்.

அதன் பிறகு அவருடன் வேலை செய்யும் கமலக்கண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அவர் முன்பே ஜெர்மனி போய் வந்தவர். அங்கே ரயில் நின்றதும் கிளம்பிவிடும், கதவு தானாக மூடிக்கொள்ளும், பிள்ளை வெளியே நின்றால் வெளியேதான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் கணவருக்கு அதே நினைப்பாக இருந்தது. கம்பெனியில் அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் குறித்த இடத்தில் போய் ஆடாமல் நிற்க வேண்டும், ஆள் எண்ணி முடியும்வரை நகரக்கூடாது. அவர் அங்கே நடத்தும் அந்தப் பயிற்சியையே பிள்ளைகளுக்கும் வைத்தார். கம்பெனி விசிலைக் கொண்டுவந்து, ஒரு தடவை ஊதினால் எங்கே இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும், அப்பா வந்து தோளைத் தொடும்வரை அசையக்கூடாது என்று பழக்கினார். அப்படிச் செய்வது எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அங்க ஓடுன புள்ளய எங்கிட்டுப் போயித் தேடுவ? நின்ன எடத்துலயே நின்னாத்தான் கண்டுபிடிக்க முடியும்" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பார்க்கிலும், மலைக்கோயில் படியிலும், ஞாயிற்றுக்கிழமை பாகலூர் ரோட்டு மார்க்கெட்டிலும் பழக்கினார். மூத்தவள் சில சமயம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். சின்னவள் நகர்ந்ததே இல்லை. என் சொல்லை ஒருநாளும் கேட்காதவள், அந்த விசிலுக்குக் கையை விறைப்பாக வைத்து, காலைச் சேர்த்து, கண்ணால் மட்டும் அப்பாவைத் தேடிக்கொண்டு நிற்பாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு இந்த மாதம் ஏழாம் தேதி காலையில், பெட்டியும் ஸ்வெட்டரும் வாங்க நாங்கள் நால்வரும் ஜூஜுவாடிக்குப் போனோம். என் கணவர் கடைக்குள் பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளுடன் வாசலில் நின்றேன். எதிர்ப்புறம் ஒருவர் பலூன் விற்றுக்கொண்டிருந்தார். சுவாதி என் கையை உதறிவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினாள். நான் கத்தினேன். அவள் நிற்கவில்லை. முக்கால்வாசி ரோட்டைத் தாண்டிவிட்டாள். அப்போது கொஞ்சம் தள்ளி வந்த பஸ்ஸில், ஆள் இறங்குவதற்காகக் கண்டக்டர் ஒரு தடவை விசில் ஊதினார். பஸ் நின்றது. என் மகளும் நின்றாள்.

காலைச் சேர்த்துக்கொண்டு நின்றாள். முகம் மட்டும் கடைப் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடியது. மாங்காய் ஏற்றிவந்த மினி லாரி அவள்மேல் மோதியது. லாரி வேகமாக வரவில்லை. பிள்ளை ஓடுவதைப் பார்த்து டிரைவர் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்ததை நான் பார்த்தேன்.

டிரைவர் வேப்பனப்பள்ளியைச் சேர்ந்த வெங்கடப்பன். அவர் ஓடிப்போகவில்லை. அவரே பிள்ளையைத் தூக்கி என் மடியில் கிடத்தி, அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம், "தாண்டிடும்னுதாம்மா பார்த்தேன். பாப்பா நடுவுல நின்னுக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரிடம் குடித்த வாடை எதுவும் இல்லை. குடித்துவிட்டு வேகமாக ஓட்டிவந்து மோதினார் என்று என் கணவர் கொடுத்த புகாரில் இருப்பது உண்மை இல்லை. என் கணவர் அப்போது கடைக்குள் இருந்தார்.

பிள்ளைக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் என் கணவர் என்னைத் தனியாக அழைத்து, "விசில் கதைய வெளிய சொல்லிராத ரஞ்சி. என்னால தாங்க முடியாது" என்றார். அவர் அழுததால் நானும் சரி என்றேன். டிரைவரின் மனைவி மாதம்மாள் தினமும் வந்து வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பாப்பா சாப்புட்டுச்சாம்மா?" என்று மட்டும் கேட்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேன்.

அதன் பிறகு சுவாதிக்கு நன்றாக நினைவு வந்தது. காலைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. "நான் அசையவே இல்லம்மா. அப்பா ஏன் வந்து தொடல?" என்று கேட்டாள். என் கணவர் கதவருகில்தான் நின்றார். உள்ளே வராமல் வெளியே போய்விட்டார். இன்றுவரை அவர் அவள் தோளைத் தொடவில்லை. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வெங்கடப்பன் மேல் தப்பு இல்லை. என் கணவரைத் தண்டிக்கவும் நான் இங்கே வரவில்லை. அவர் பிள்ளை தொலைந்துவிடக் கூடாது என்று பயந்தவர், அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில், குழந்தை கவனக்குறைவாகச் சாலை நடுவில் நின்றதாக ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். என் மகள் கவனமாகத்தான் நின்றாள், சொன்னபடி நின்றாள் என்று எழுதச் சொன்னேன். அப்படியே திருத்திப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, இருப்பதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜெ. ரஞ்சிதா