இரண்டு கன்றுகள்

"மாமா, ஒரே ஊர ரெண்டு ராசாவுக்குக் குடுக்கலாமா?" என்று என் தங்கை மகள் மைமூனா ஒருநாள் கேட்டாள்.

"குடுக்கலாம்மா. சிரிச்ச முகமா குடுத்தா யாருக்கும் கோவம் வராது" என்றேன். அப்போது எங்கள் தீவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

நான் யாசீன். பள்ளிவாசலைக் கூட்டி விளக்கேற்றுகிறவன். வாசலுக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. போர் எதனால் வந்தது என்று கேட்கிறீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் வந்தது.

எங்கள் வழக்கப்படி, விருந்தாளிக்கு ஜாதிக்காய் கொடுத்தால் அது நட்பு. ஜாதிக்கன்றை வேர்மண்ணோடு தட்டில் வைத்துக் கொடுத்தால் தீவையே ஒப்படைத்ததாக அர்த்தம். ஒல்லாந்தருக்குப் பயந்து, ஊர்த்தலைவரான என் தங்கை கணவர் காசிம் ஆங்கிலேயருக்கு அப்படி ஒரு கன்றைக் கொடுத்திருந்தார்.

அதன்பின் வந்த மாதங்களைப் போல இன்பமான காலம் எனக்கு வாய்த்ததில்லை. எங்கள் காய்க்காக இரண்டு கூட்டமும் போட்டி போட்டுப் பரிசு கொடுத்தன. காசிம் ஆங்கிலேயரின் வெல்வெட் அங்கியையும் ஒல்லாந்தரின் தொப்பியையும் மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் சந்தைக்குள் நடந்தார்.

"மாப்ள, உள்ளயே வெந்து போயிராதீங்க!"

"தள்ளுங்க மச்சான். ரெண்டு ராசா ஒண்ணா போறாங்க, தெரியல?"

மீன் விற்ற பெண்கள் கூடைமேல் சாய்ந்து சிரித்தார்கள்.

ஒருநாள் தண்ணீர் எடுக்க ஓர் ஒல்லாந்துக் கப்பல் வந்தது. கிழக் கப்பல்தலைவர், காய்ச்சல்காரர், என் படியில் உட்கார்ந்தார். "எந்தத் தீவுலயும் எங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்ல" என்று அரைகுறை மலாயில் சொன்னார். ஒரு ஜாதிக்காய் போதும்தான். ஆனாலும் அந்த முகத்துக்கு அது போதாது என்று பட்டது. முற்றத்திலிருந்த ஒரு ஜாதிக்கன்றைத் தோண்டி, மண்ணோடு, தட்டில் வைத்து நீட்டினேன். அர்த்தம் அவருக்கும் தெரியும். அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு பள்ளிவாசலில் காசிமிடம் மட்டும் சொன்னேன். "என்ன மச்சான் செஞ்சீங்க? வெளிய தெரிஞ்சா தலை போயிரும்!"

"யாரு தலை மாப்ள?"

"குடுத்தவன் தலைதான்!"

அவர் முறைத்தார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு இருவரும் மூச்சு வாங்கினோம்.

தீவை வாங்கிக்கொள்ள ஒல்லாந்தர் கப்பல்களோடு வந்தார்கள். ஆங்கிலேயர் தங்கள் கன்றைக் காட்டினார்கள். ஒல்லாந்தர் தங்கள் கன்றைக் காட்டினார்கள். பிறகு சுட்டுக்கொண்டார்கள். முதல் குண்டுகளுக்குக் குன்றின்மேல் நின்று கைதட்டினோம். அப்புறம் குண்டுகள் குன்றுக்கும் வந்தன. தோட்டங்கள் எரிந்தபோது ஊரெல்லாம் பாயசம் போல மணத்தது. கடைசியில், எங்கோ தூரத்தில் இரண்டு ராஜாக்களும் சமாதானமாகிவிட்டார்களாம். ஆங்கிலேயர் பாய் விரித்துப் போனார்கள்.

ஒல்லாந்தரின் புதிய தலைவர் ஊரைக் கடற்கரையில் கூட்டினார். "அடுத்தவனுக்குக் கொடுத்த தீவை எங்களுக்கும் கொடுத்து ஏமாற்றியவன் யார்?" என்று கேட்டார். என்னிடம் கன்று வாங்கிய கிழவர் இறந்துபோயிருந்தார். உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

நான் நிதானமாக யோசித்தேன். காசிம் ஒரு கன்று கொடுத்தவர், எப்படியும் தப்பமாட்டார். ஒரு கன்றுக்கும் இரண்டு கன்றுக்கும் போவது ஒரே தலைதான். இரண்டு வீடு அழுவதைவிட ஒரு வீடு அழுவது இரக்கம் இல்லையா? அவரைக் கைகாட்டினேன்.

காசிம் மறுக்கவில்லை. "ஒங்க தங்கச்சியையும் புள்ளையையும் பட்டினி போட்டுராதீங்க மச்சான்" என்றார். "மாட்டேன் மாப்ள" என்றேன். அவ்வளவுதான், அவர் தலை போயிற்று.

மறுநாள் மிச்ச ஊரையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்கள். உதவி செய்தவன் என்று என்னை மட்டும் விட்டார்கள். வரிசையில் என் தங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மைமூனா கையசைத்தாள். நானும் அசைத்தேன். அந்தக் கப்பலில் போன யாரும் திரும்பவில்லை.

வாக்கு வாக்குதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடியுமுன் சவ்வரிசி ரொட்டி சுட்டு, சூடு ஆறாமல் துணியில் சுற்றி, தங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். செய்த தர்மத்தை யாரும் பார்க்கக் கூடாது. பார்க்க இங்கே யாரும் இல்லை. மாப்பிள்ளைக்குப் பட்ட கடனை அப்படித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் போனால் ரொட்டி வைத்த இடத்திலேயே இருக்கும். மைமூனா சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கிற பிள்ளை.