தொண்ணூறு நாள்

கண் பரிசோதனை செய்யும்போது நான் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. இந்தக் கண்ணாடியில் தெளிவா, அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பேன். இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். தப்பான பவர் போட்டு ஒருவரையும் அனுப்பியதில்லை. நீங்களும் அவசரப்படுத்தாமல் கேட்டால் ஒன்றும் விடாமல் சொல்லிவிடுகிறேன், மேடம்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் இணையத்துக்கு நடுவில் கம்பெனி கிடையாது. பெட்டிக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் மனிதர் ஐந்து வருடத்துக்கு முன் வீடு வீடாகப் படியேறி, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் எழுதுவது, எடுக்கும் படம் எல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கிடங்குக்குப் போகாமல், இந்தப் பெட்டிகளிலேயே பிரதி பிரதியாகத் தங்கும். "இனிமே எவனும் நம்ம வாயை அடைக்க முடியாது. நானே நினைச்சாலும் முடியாது" என்றார். எல்லோரும் கைதட்டினோம். என் கடையில் லென்ஸ் உறைகளை அடுக்கும் அலமாரிக்கு மேல் ஒரு பெட்டி இருக்கிறது. வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்லி நாற்பது வீட்டிலாவது நானே வைக்க வைத்திருப்பேன். ஆள் நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தாள். ஒரு பெரியவர் இறந்துபோனார். மருந்தை மாற்றிக் கொடுத்துக் கொன்றவள் இவள்தான் என்று யாரோ அவள் படத்தோடு பெட்டியில் எழுதிப் போட்டுவிட்டார்கள். விசாரணை வைத்தார்கள், டாக்டர் சீட்டிலேயே தப்பாக எழுதியிருந்தது, இவள் மேல் குற்றமில்லை என்று முடிந்தது. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். ஆனால் விசாரணை அறிக்கையை யார் தேடிப் படிக்கிறார்கள்? அடுத்தடுத்து மூன்று இடங்களில் வேலை கேட்டாள். மூன்று இடத்திலும் அவள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அவளை அழைத்துக்கொண்டு நான்தான் பெட்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்க ஒயரும் திருப்புளியும். கீழ்த்தளத்தில் அவர் மகள் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். குழந்தைகள் போடும் சத்தம் மாடிவரை கேட்டது.

"சார், அதை மட்டும் எடுத்துடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்" என்றாள் தங்கை.

"எடுக்க முடிஞ்சா இந்த நிமிஷமே எடுத்துடுவேம்மா. எனக்குன்னு ஒரு பொத்தான் வச்சுக்கிட்டா, நாளைக்கு எவனாவது என் கழுத்துல கத்தியை வச்சு அதை அழுத்த வைப்பான். அதான் யாருக்குமே வைக்கல" என்றார். பிறகு சொன்னார்: "ஒரே ஒரு வழி இருக்கு. தொண்ணூறு நாள் யாருமே திறந்து பாக்கலைன்னா எல்லாப் பெட்டியும் அதைத் தானாவே விட்டுடும். நடுவுல ஒருத்தர் திறந்தாலும் மறுபடி முதல்லேர்ந்து தொண்ணூறு. ஜனங்களுக்கு மறதி ஜாஸ்திம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அந்த நேரம் பார்த்து அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். இடுப்பில் யாரோ பெற்ற குழந்தை ஒன்று. "அக்கா, அழாதீங்க" என்று என் தங்கையின் தோளைத் தொட்டாள். தகப்பன் பெருமையோடு மகளைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

தங்கை வேறு ஊருக்குப் போய், ஒரு சலவை நிலையத்தில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பதிவு போகிறவரை எந்த மருந்தகத்துக்கும் விண்ணப்பம் போடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் கடையைத் திறந்து, அந்தப் பதிவு இருக்கிறதா போய்விட்டதா என்று பெட்டியில் திறந்து பார்ப்பேன். இருக்கும். போன் போட்டுச் சொல்வேன்.

"இன்னும் இருக்கும்மா."

"நீ எதுக்குண்ணா அதைப் போய்ப் பாக்கற? விட்டுடு."

அவள் அப்படித்தான் சொல்வாள். சின்னப் பெண். ஒரு குடும்பத்தில் யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டாமா? ஒரு வருடம் கவனித்தேன். ஒரு வாரம்கூட அது இல்லாமல் போகவில்லை. தொண்ணூறு நாள் என்று அந்த ஆள் எங்கள் காதில் பூச்சுற்றியிருக்கிறார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் படத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பொறுத்துக்கோ என்று சொன்ன அந்த வாய் என் கண் முன்னாலேயே நின்றது.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். ஒரு தூக்க மருந்து பாட்டிலும் ஒரு பால் பாட்டிலும் வாங்கினேன். இரண்டையும் கடை மேசையில் வைத்துப் படம் எடுத்தேன். காப்பகத்துக்குக் குழந்தையை அனுப்பும் தாய் எழுதுவதுபோல, குழந்தை வீட்டுக்கு வந்ததும் துவண்டு விழுகிறது, பையில் இது இருந்தது என்று எழுதி, பெயரில்லாமல் போட்டேன். நான்கு முறை திருத்தினேன். முதல் முறை எழுதியதில் கோபம் அதிகமாக இருந்தது; கோபமாக எழுதினால் நம்ப மாட்டார்கள். பிறகு கடைக்கு வந்தவர்களிடம், இதைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது.

பதினோராவது நாள் காப்பகத்தில் ஒரு குழந்தையும் இல்லை. பன்னிரண்டாவது நாள் சில தகப்பன்மார்கள் அங்கே போய்க் கத்தியிருக்கிறார்கள். யாரோ கல் எறிந்தார்கள். ஜன்னல் கண்ணாடி சிதறி அந்தப் பெண்ணின் வலது கண்ணில் ஏறியது. கல் எறிந்தது நான் இல்லை. நான் அன்று முழுக்கக் கடையில் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பெட்டிக்காரர் வீடு வீடாக ஏறினார். ஐந்து வருடத்துக்கு முன் ஏறிய அதே படிகள். என் கடைக்கும் வந்தார். கையைக் கூப்பினார்.

"கண்ணாடிக்காரரே, தொண்ணூறு நாள் யாரும் அதைத் திறக்காதீங்க. நாலு பேர்கிட்ட நீங்களும் சொல்லுங்க. எம்பொண்ணு வெளியில தலை காட்ட முடியல."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஜனங்களுக்கு மறதி ஜாஸ்தி" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு குளிர்ந்தது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு வருடம் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருந்திருப்பேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டையும் திறந்தேன். தங்கையுடையதை, போய்விட்டதா என்று பார்க்க. அந்தப் பெண்ணுடையதை, ஒருவேளை அந்தத் தொண்ணூறு நாள் கணக்கு உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்குப் பவர் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். லென்ஸை நானே அரைத்தேன், காசு வாங்கவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தெளிவா இருக்கு, ரொம்ப நன்றி அங்கிள்" என்றாள். என் வேலையில் குறை சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அவள் நான் போட்ட பாட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். மருந்து பாட்டிலின் வளைந்த தோளில் ஒரு பலகை தெரிந்திருக்கிறது. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து, எல்லாம் இடம் வலம் மாறி. அது என் கடைச் சுவரில் தொங்கும் கண் பரிசோதனைப் பலகை. நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்து, உங்களிடம் வந்து புகார் கொடுத்துவிட்டாள்.

நேற்று நீங்கள் என் பெட்டியைத் திறந்து, அதில் பதிவாகியிருந்ததை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். தங்கையைப் பற்றிய பதிவை முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு வேறு யாருமே திறக்கவில்லை. அதன் பிறகு அறுபத்தைந்து தடவை திறக்கப்பட்டிருக்கிறது. அறுபத்தைந்தும் ஒரே பெட்டி. அலமாரிக்கு மேல் இருக்கிற பெட்டி.

தங்கையையும் வரவழைத்திருந்தீர்கள். அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி மடித்து மடித்து அவள் விரல்கள் வெடித்துப்போயிருக்கின்றன.

"எல்லாரும் அப்பவே மறந்துட்டாங்கண்ணா" என்றாள். "நீதான்."

"இருக்கான்னுதாம்மா பாத்தேன்."

அவள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். எதற்கு அவ்வளவு கோபம் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் அவளுக்காகத்தானே செய்தேன்.

எழுதியது நான். படம் எடுத்தது நான். அந்தப் பெண் ஒரு குழந்தைக்கும் ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுத்ததில்லை என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி, மேடம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெட்டியை இரண்டு நிமிடம் கொடுங்கள். தங்கையுடையது போய்விட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.